மோறன் வீட்டாருக்குத் துக்கம் விசாரித்தவர்கள்

ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட ஏழைகளின் பெயர்களை உலகத்தில் யார் பத்திரமாக எழுதி வைத்திருக்கிறார்கள் என்று நீங்கள் எப்போதாவது கேட்டதுண்டா? கோயிலா, அரசாங்கமா, பேரப்பிள்ளைகளா? பெரும்பாலும் துரத்தியவன்தான். குத்தகை வாங்க அவனுக்குப் பெயர் வேண்டியிருந்தது. வெளியே தள்ளவும் பெயர் வேண்டியிருந்தது. கூரையைப் பிரித்த கையாலேயே, அழகான கையெழுத்தில், ஒரு பிழை இல்லாமல் எழுதி, நாடா கட்டி வைத்தான்.

மன்னார்த் தீவின் மீனவ ஊரான பேசாலையில் பிறந்து, இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலேர்மோவில் வீடு துடைக்கும் அகஸ்ரீனாவும் இப்படியொரு கேள்வியைக் கேட்டதில்லை, 2014ஆம் ஆண்டு நவம்பர் வரை.

பலேர்மோவின் ஒரேத்தோப் பகுதியில் குடியிருக்கும் தமிழ்க் கத்தோலிக்கர் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ஆத்துமாக்கா. நவம்பர் மாதம் மரித்தோருக்குரியது. அந்த மாதத்து முதல் தமிழ்ப் பூசையில் வீட்டுக்கு வீடு மரித்தவர்களின் பெயர்களைச் சுவாமியார் வாசிப்பார். அந்தப் பெயர்களைத் திரட்டும் பொறுப்பை யாரும் கொடுக்காமலே அகஸ்ரீனா எடுத்துக்கொண்டிருந்தார். ஒக்ரோபர் பிறந்ததும் தோளில் ஒரு சுப்பர்மார்க்கற் பையைக் கொழுவிக்கொண்டு மாடி மாடியாக ஏறுவார். கதவு திறந்தால் சுகம் விசாரிப்பதெல்லாம் கிடையாது. "ஆர் புதுசா?" என்பார்.

"ஒருத்தரும் சாகேல்லை அக்கா, அடுத்த வரியம் வாங்கோ!" என்று உள்ளேயிருந்து கத்துவார்கள்.

"சாகாட்டிலும் ஒரு தேத்தண்ணி தரலாம்தானே?" என்று சொல்லிக்கொண்டே கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிடுவார்.

கணவர் றோபேட் ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையில் ஒரு மீன் உணவகத்தின் குசினியில் வேலை. "உயிரோடை இருக்கிற என்ரை பிறந்தநாள் அவளுக்கு நினைவில்லை. செத்தவன்ரை பேரன் பேர் கேட்டுப் பாருங்கோ, நித்திரையிலும் சொல்லுவாள்" என்பது அவருடைய நெடுநாள் முறைப்பாடு.

வாசித்த பெயரால் எந்த ஆத்துமா எந்தப் படி ஏறியது என்பதற்கு இன்றுவரை ஓர் அத்தாட்சியும் இல்லை. ஆனால் ஒரு மீன்பிடிக்காரரின் பெயரை, ஆண்டுக்கு ஒருமுறையாவது, ஒரு மண்டபம் நிறைந்த சனம் வாய்மூடிக் கேட்கிறது. அது சின்ன விஷயம் இல்லை. மன்னர்களுக்கே அதற்குக் கல்வெட்டு வெட்ட வேண்டியிருந்தது.

அகஸ்ரீனாவின் காலை வேலை சிஞ்ஞோரா வினிஃப்ரெட் வீட்டில். எண்பது வயதைத் தாண்டிய அந்த அம்மையார் அயர்லாந்தில் ஒரு நிலப்பிரபுவின் மாளிகையில் பிறந்தவர். பலேர்மோ வைத்தியர் ஒருவரைக் கட்டி, இங்கேயே தங்கி, அவரையும் அடக்கம் செய்துவிட்டு மூன்றாம் மாடியில் தனியே இருந்தார். முதுகு வளையாது; தட்டில் பாஸ்தா மிச்சம் இருக்காது. இருவரும் பேசிக்கொள்வது இத்தாலியனில். இருவருக்குமே அது இரவல் மொழி என்பதால் சண்டைகூடச் சுருக்கமாகவே முடியும்.

இரண்டு வருடத்துக்கு முன் அயர்லாந்தில் சிஞ்ஞோராவின் தம்பி இறந்தபோது, குடும்பத்துக் காகிதங்கள் எல்லாம் பெட்டி பெட்டியாகப் பலேர்மோ துறைமுகத்தில் வந்து இறங்கின. கில்ட்ரோமின் என்ற அந்தப் பண்ணையில் மலையும் சதுப்புமாக ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் இருந்தது. அதில் குத்தகைக்கு இருந்த குடும்பங்களின் பதிவுகள், வயல் வரைபடங்கள், நரி வேட்டைப் படங்கள், சமையல்காரிக்கு எழுதிய குறிப்புகள் என்று இருநூறு வருடத்துக் காகிதம். அந்தப் பகுதியின் ஆவணக் காப்பகம் அவற்றைக் கேட்டிருந்தது. நவம்பரில் ஆள் வந்து எடுத்துப் போவதாக ஏற்பாடு. சிஞ்ஞோரா சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் பரப்பித் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். அகஸ்ரீனாவுக்கு வேலை இரட்டிப்பாகியது.

"இது எந்த நாட்டுத் தூசி சிஞ்ஞோரா? துடைக்கத் துடைக்க ஒட்டுது."

"அயர்லாந்துத் தூசி."

"அதுதான் ஈரமாக் கிடக்கு."

ஒக்ரோபர் நடுவில் ஒருநாள் சிஞ்ஞோரா ஒரு கட்டை அவிழ்த்து வாசித்தார். மற்றக் கட்டுகளுக்கெல்லாம் சிவப்பு நாடா, இதற்குக் கறுப்பு. வாசித்து முடித்தவர் அன்று மத்தியானம் பாஸ்தாவைத் தொடவில்லை. பதினொரு வருடத்தில் அகஸ்ரீனா காணாத காட்சி அது. சிஞ்ஞோரா படுக்கப் போனதும் மேசையைத் துடைக்கிற சாக்கில் எட்டிப் பார்த்தார். கன்னியர் மடத்தில் படித்த ஆங்கில எழுத்து இன்னும் கைவிட்டுப் போகவில்லை. தாளின் தலையில் ஒரே திகதி: 1848, மார்ச். கீழே குடும்பம் குடும்பமாகப் பெயர்கள். தோமஸ் மோறன், மனைவி பிறிஜெற், பிள்ளைகள் மைக்கல், ஹொனோறா, பற்றிக். பிள்ளைகளுக்கு வயதும் போட்டிருந்தது. டூலன், கீஹான், மறுபடி மோறன்.

ஒரே திகதி, கறுப்பு நாடா, இத்தனை குடும்பங்கள், சின்னப் பிள்ளைகளும் சேர்த்தி. வேறு ஊரில் பிறந்தவர் என்றால் ஏதேதோ நினைத்திருப்பார். பேசாலையில் பிறந்தவருக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான்: கடல். புயலில் வள்ளங்கள் போன வருடங்களில் கோயிலில் வாசித்த பெயர்கள் இப்படித்தான் இருந்தன. சிஞ்ஞோராவின் சொந்தக்காரர் எல்லாம் ஒரே கப்பலில் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள் என்று அகஸ்ரீனா அந்த இடத்திலேயே தீர்மானித்துவிட்டார். சிஞ்ஞோரா வேறு புரட்டஸ்தாந்துக்காரி. அவர்களிடம் நவம்பர் மாதத்துப் பெயர் வாசிப்பும் இல்லை. "பாவம், நூற்றைம்பது வருசத்துக்கு மேலை ஒருத்தரும் நினைக்கேல்லை" என்று கண் கலங்கியது. துக்கத்தில் இருப்பவரிடம் போய்த் துருவித் துருவிக் கேட்பது மரியாதையும் இல்லை. ஆகவே கேட்காமலே, சிஞ்ஞோரா நித்திரைகொள்ளும் மத்தியானங்களில், பெயர்களை ஒவ்வொன்றாகத் தமிழ் எழுத்தில் எடுத்து எழுதினார். சொல்லாமல் செய்யும் ஒரு நன்மை, முடிந்தபின் சொல்லலாம்.

அந்த வருடம் மரித்தோர் நாளே ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. கோயில் நிறைந்த சனம். அருளையா சுவாமியார் வாசித்துக்கொண்டு போனார். குரூஸ், பீரிஸ், மொராயஸ் என்று வந்த பெயர்கள் மூச்சு விடாமல் மோறன், டூலன், கீஹான் என்று போயின. சுவாமியார் ஒரு கணம் கண்ணாடிக்கு மேலால் சனத்தைப் பார்த்தார். அகஸ்ரீனாவின் கையெழுத்து என்று கண்டதும் விதி என்று தொடர்ந்து வாசித்தார்.

பக்கத்தில் இருந்த எமிலியானா முழங்கையால் இடித்தார். அகஸ்ரீனாவின் தம்பி மனைவி. நாக்கில் மிளகாய் வைத்துப் பிறந்தவர். "என்ன மச்சாள், வெள்ளைக்காறரும் எங்கட ஊரிலையே செத்தவை?"

"பேசாதை. பாவப்பட்ட சனம். கப்பல் கவிண்டது."

பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது கப்பல் கதை பரவியது. அகஸ்ரீனா காணாத கப்பலுக்கு யாரோ பாய்மரமும் பூட்டினார்கள், இன்னொருவர் பாறையில் மோதவிட்டார். அவர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. நினைப்பாரில்லாத ஆத்துமாக்களின் பெயரைத் துண்டில் எழுதிக் கோப்பையில் போடுவார்கள். வீட்டுக்கு ஒன்று எடுத்து, அந்த மாதம் முழுக்க அந்த வீட்டாரே அதற்குச் சொந்தக்காரர். அந்த வருடம் கோப்பை முழுவதும் அயர்லாந்து. அரை மணி நேரத்தில் ஒரேத்தோவின் தமிழ் வீடுகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் அயர்லாந்துக் குடும்பம் உறவாகிவிட்டது.

"எனக்கு டூலன். ஏழு பிள்ளையள்! எப்பிடியப்பா சமாளிச்சவள்?"

"எனக்குக் கீஹான் கிழவி. தனிக்கட்டை. கரைச்சல் இல்லை."

எமிலியானாவுக்குக் கிடைத்தது பற்றிக் மோறன், நான்கு வயது. "நாலு வயசுப் பிள்ளைக்கு மெழுகுதிரி என்னத்துக்கு?" என்று எழும்பிப் போய், மரித்தோர் நாளுக்குப் பலேர்மோக் கடைகளில் பிள்ளைகளுக்காக வைக்கும் சீனிப் பொம்மை ஒன்றை வாங்கிவந்தார். குதிரையில் இருக்கும் வீரன், சிவப்புத் தொப்பி.

திங்கட்கிழமை காலை அகஸ்ரீனா சிஞ்ஞோராவின் கோப்பியை மேசையில் வைத்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் நின்றார்.

"சிஞ்ஞோரா, உங்கட ஆக்களுக்கு நேற்றுப் பூசை நல்லா நடந்தது."

"எந்த ஆட்களுக்கு?"

"கடலிலை போனவைக்கு. மோறன், டூலன், கீஹான். ஒருத்தரையும் விடேல்லை. கைக்குழந்தையைக்கூட வாசிச்சது."

சிஞ்ஞோரா கோப்பையைக் கீழே வைத்தார்.

"அவர்கள் கடலில் போகவில்லை, அகொஸ்தீனா. என் சொந்தக்காரரும் இல்லை. எங்கள் நிலத்தில் குத்தகைக்கு இருந்தவர்கள். என் பாட்டனாரின் பாட்டனார் அவர்களை வெளியேற்றினார். ஒரே நாளில். சிப்பாய்களை நிறுத்தி, கூரைகளைப் பிரித்து. பஞ்ச காலம். நிலம் செம்மறி ஆட்டுக்கு வேண்டியிருந்தது."

"ஆட்டுக்கோ?"

"ஆட்டுக்கு."

"பிறகு அவை எங்கை போனவை?"

"தெரியாது. அதை யாரும் எழுதவில்லை."

அந்த ஏழைகளின் ஒரே உணவான உருளைக்கிழங்கு நோய் விழுந்து அழுகியது இயற்கையின் வேலை. பசியில் கிடந்தவர்களின் கூரையைப் பிரித்தது இயற்கை இல்லை. கடவுளின் சித்தமும் இல்லை. ஒரு மனிதர் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு, நல்ல மேசையில் இருந்து, பேனாவை மையில் தொட்டுத் தொட்டு எடுத்த முடிவு அது. அந்த மனிதர் சிஞ்ஞோரா வீட்டின் உள்நடைபாதைச் சுவரில் எண்ணெய் ஓவியமாகத் தொங்கிக்கொண்டிருந்தார். அவருடைய மீசையை வாரா வாரம் துடைத்தவர் அகஸ்ரீனா.

"அந்தக் கட்டு காப்பகத்துக்குப் போகாது" என்றார் சிஞ்ஞோரா. "வரைபடமும் படங்களும் அவர்களுக்குப் போதும். நீ போகும்போது தெருமுனையில் காகிதம் போடும் பெட்டியில் போட்டுவிடு."

அகஸ்ரீனா துடைப்பத் துணியை மடித்தார். அந்த வீட்டில் அவர் ஒரு சொல்லைத் தட்டியது இல்லை.

"குப்பை எண்டால் கொண்டுபோவன் சிஞ்ஞோரா. இது குப்பையில்லை. போடுறதெண்டால் நீங்களே போடுங்கோ."

"லிஃப்ட் வேலை செய்யவில்லை."

"அது எனக்கும் தெரியும்."

சிஞ்ஞோரா எழும்பிப் போய்க் கட்டை எடுத்து, வாசற்கதவு அருகே சப்பாத்து அலுமாரியின் மேல் வைத்தார். அங்கிருந்து மூன்று மாடி இறங்க அவருடைய முழங்கால் விடவில்லை. இறக்க அகஸ்ரீனாவின் மனம் விடவில்லை. கட்டு அங்கேயே இருந்தது. அகஸ்ரீனா ஒவ்வொரு காலையும் அதைத் தூக்கி, கீழே துடைத்து, மறுபடி அதே இடத்தில் வைத்தார். சிஞ்ஞோரா ஒவ்வொரு காலையும் அதைக் காணாதவர் போல நடந்தார். இருவரும் ஒருவருக்கொருவர் வழக்கத்தைவிட அதிகமாக நன்றி சொல்லிக்கொண்டார்கள்.

பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தால் யாருக்கும் தெரியாது. அகஸ்ரீனா அதை நினைக்காமலும் இல்லை. ஆனால் வேலைக்காரியின் பையிலிருந்து வெளிப்படும் காகிதத்தை எந்த நாட்டில் யார் நம்புவார்? அது கில்ட்ரோமின் பெட்டிக்குள், சிஞ்ஞோராவின் கையால் போகவேண்டும். அடுத்த வாரம் வியாழக்கிழமை காப்பகத்து ஆள் வந்து பெட்டிகளை மூடிவிடுவார். அதற்குள் போகாவிட்டால் பிறகு எப்போதும் போகாது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் அவர் உண்மையைச் சொன்னார். கப்பல் இல்லை, புயல் இல்லை, கலைச்சு விட்டிருக்கினம். முதலில் ஒரு சங்கடம் எழுந்தது: உயிரோடிருந்தவர்களைச் செத்தவர்களோடு சேர்த்து வாசித்தாயிற்றே?

"நூற்றறுபது வருசம் போட்டுது. எப்பிடியும் செத்திருப்பினம்தானே!" என்று எமிலியானா அந்தச் சிக்கலை அவிழ்த்தார். பிறகு சிரிப்பு நின்றது. எமிலியானா மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, வன்னி முழுவதும் நடந்து, போரின் கடைசிவரை போய்த் தப்பி வந்தவர். "எங்களைக் கலைச்சவன் எங்கட பேரை எழுதி வைச்சிருப்பானோ, மச்சாள்?"

"ஆருக்குத் தெரியும்."

"எழுதியிருந்தால் நல்லது. ஒருநாளைக்கு அவன்ரை பேத்தி மேசையிலை விரிச்சு வைச்சுச் சாப்பிடாமல் இருப்பாள்." கொஞ்சம் யோசித்தார். "கிழவி சாப்பிடாமல் இருந்தவள் எண்டு சொன்னனீங்கள்தானே? அப்ப அது செத்தவீடுதான். நாங்கள் துக்கம் விசாரிக்கப் போவம்."

"அவ கூப்பிடேல்லையே!"

"கலியாண வீட்டுக்குத்தான் சொல்ல வேணும். செத்தவீட்டுக்குக் கேள்விப்பட்டால் காணும்."

"என்ரை வேலை போகும் எமிலி."

"போனால் எங்கட குசினிக்கு மீன் வெட்ட வா" என்றார் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த றோபேட் வீட்டுக்காரியைப் பார்க்காமலே. "உண்மையா, அங்கை கணவாய் துப்பரவாக்க ஆள் காணாது." எல்லோரும் சிரித்தார்கள். அகஸ்ரீனா சிரிக்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

வியாழன் பின்னேரம் வீட்டுவேலைக்காரருக்கு ஓய்வு. பத்துப் பன்னிரண்டு பெண்கள் கறுப்பும் வெள்ளையுமாக உடுத்து, சட்டிகளைத் துவாயால் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினார்கள். துக்க வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது. ஆகவே இடியப்பம், சொதி, றோபேட் கொடுத்துவிட்ட கணவாய்க் கறி. வாசல் காவலாளி தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"ஐயோ, யார் இறந்தது? சிஞ்ஞோராவா?"

"இல்லை, பற்றிக்" என்றார் எமிலியானா, சிசிலியரே தோற்கும் சிசிலியனில். "நாலு வயசு."

"கடவுளே! எப்போது?"

"ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தெட்டிலை தொலைஞ்சவன். வழி விடுங்கோ, சொதி சிந்துது."

மேலே காப்பகத்து ஆள் வந்திருந்தார். டெக்லன் என்று பெயர். நெட்டையான, வழுக்கை விழத் தொடங்கிய மனிதர். பெட்டிகளில் பாதியை மூடிவிட்டார். பெட்டி கட்ட உதவுவதற்காக அன்று பின்னேரமும் தங்கியிருந்த அகஸ்ரீனா வெளிறிய முகத்தோடு கதவைத் திறந்தார். கட்டு இன்னும் சப்பாத்து அலுமாரியின் மேலேயே கிடந்தது. வந்த பெண்கள் ஒவ்வொருவராக அதைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார்கள்.

சிஞ்ஞோரா எழுந்து நின்றார். கணவரான வைத்தியர் இறந்தபோதும் இந்தப் பெண்கள் இப்படித்தான் சட்டிகளோடு வந்தார்கள். ஆகவே இது என்ன வருகை என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொருவரும் கையைப் பிடித்துத் தங்களை அறிமுகம் செய்தார்கள். "நான் டூலன் வீட்டுக்கு." "நான் கீஹான் அம்மாவுக்கு." "நான் மற்ற மோறன், மலைப்பக்கத்து மோறன்." கடைசியாக எமிலியானா சீனிப் பொம்மையை நீட்டினார். "இது பற்றிக்குக்கு. அவனிட்டைக் குடுக்க வழியில்லை. உங்களிட்டைத்தான் இருக்கிறான்."

டெக்லனுக்கு இத்தாலியன் கொஞ்சம் தெரியும். "எந்தப் பற்றிக்?" என்று கேட்டார்.

சிஞ்ஞோரா அகஸ்ரீனாவைப் பார்த்தார். ஒரு சொல் போதும்: அந்தக் கட்டு அங்கே இருக்கிறது என்று அகஸ்ரீனா டெக்லனிடம் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. கைகளை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு நின்றார். பெயர்கள் இந்த அம்மாளின் கையால் போகவேண்டும்; இல்லாவிட்டால் அதுவும் ஒரு பறிப்புத்தான்.

எமிலியானாவுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. "சிஞ்ஞோரா, ஒண்டு கேக்கட்டோ? ஆக்களைக் கலைச்ச அண்டைக்கு நீங்கள் பிறந்திருந்தனீங்களே?"

"இல்லை."

"உங்கட அம்மா?"

"இல்லை."

"பிறகேன் வெக்கப்படுறியள்? கலைச்சது அந்தாளின்ரை குற்றம்." நடைபாதைச் சுவரை விரலால் காட்டினார். "ஒளிச்சியள் எண்டால் அதுதான் உங்கட."

அகஸ்ரீனா மனதுக்குள் கணவாய் துப்பரவாக்கத் தொடங்கிவிட்டார்.

சிஞ்ஞோரா சீனிப் பொம்மையைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதையும் பிடித்துக்கொண்டே நடைபாதை வழியாக மெதுவாக நடந்தார். ஓவியத்துக்கு முன்னால் நிற்கவில்லை. வாசலடிக்குப் போய், கட்டை எடுத்து, மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி வந்து டெக்லனுக்கு முன்னால் வைத்தார். ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ சொன்னார். குரல் இருமுறை உடைந்தது, முதுகு வளையவில்லை.

டெக்லன் நாடாவை அவிழ்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, யாருக்கோ உண்மையிலேயே சாவுச் செய்தி வந்துவிட்டது என்று பெண்கள் பயந்துபோனார்கள். பிறகுதான் விளக்கினார். அமெரிக்காவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் வாரம் தவறாமல் காப்பகத்துக்கு எழுதிக் கேட்கிறார்களாம்: எங்கள் மோறன் எந்த ஊர், எங்கள் டூலன் எந்த மலை? அந்த மலையில் 1848க்கு முன் ஆள் இருந்ததற்கே காகிதம் இல்லை என்றுதான் இதுவரை பதில் போனதாம்.

"எழுதிக் கேக்கினமோ?" அகஸ்ரீனா பெட்டியைப் பிடித்துக்கொண்டார். "அப்ப பிழைச்சிருக்கினம்! ஏழு பிள்ளையும் இல்லாட்டிலும், ஆரோ ஒருத்தர் போய்ச் சேர்ந்திருக்கினம்!"

"என்ரை டூலனே?" என்று ஒருத்தி ஓடிவந்தாள்.

டெக்லன் தாளைத் தூக்கிப் பிடித்து, சரியான உச்சரிப்பு இதுதான் என்பது போல, உரக்க வாசித்தார். "டூலன்!"

"ஓம், இஞ்சை!" என்றாள் அவள், பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டதுபோல. அறை முழுவதும் சிரித்தது.

"கீஹான்!"

"ஓம்!"

"மோறன்!"

"எந்த மோறன்? வடிவாச் சொல்லுங்கோ, இஞ்சை ரெண்டு மோறன்!"

பட்டியல் முழுதும் அப்படியே போனது. வாசித்து முடிக்க இடியப்பம் ஆறிவிட்டது. சிஞ்ஞோரா இரண்டாம் முறை சொதி கேட்டு வாங்கினார். நடைபாதை ஓவியத்தையும் கொண்டுபோகச் சொல்லி டெக்லனிடம் மன்றாடினார்; காப்பகத்தில் ஓவியம் எடுப்பதில்லை என்று அவர் நழுவிவிட்டார். ஆனால் அகஸ்ரீனா தமிழில் எடுத்து எழுதிய தாள்களைக் கேட்டு வாங்கி, அதே பெட்டியில் வைத்தார். அயர்லாந்தில் ஏதோ ஒரு ஊரின் ஆவணக் காப்பகத்தில் மோறன் குடும்பம் இன்று தமிழ் றகரத்தோடும் இருக்கிறது.

"நான்தான் கொடுத்தேன்" என்றார் சிஞ்ஞோரா மறுநாள் காலை கோப்பி வைத்த அகஸ்ரீனாவிடம். "உன் படை வந்து பிடுங்கியது என்று ஊருக்குச் சொல்லாதே."

"சொல்ல மாட்டன். எமிலியானா சொல்லுவாள்."

டிசம்பர் முதல் ஞாயிறு பூசை முடிந்தும் சனம் கலையவில்லை. அகஸ்ரீனா மண்டபத்து மேசையில் பெரிய தாள் ஒன்றை விரித்து, தொண்ணூறாம் ஆண்டுப் போரில் தாங்கள் விட்டு ஓடி வந்த பேசாலை ஒழுங்கையைக் கீறத் தொடங்கியிருந்தார். கிணறு எந்தப் பக்கம் என்பதில் பெரும் சண்டை. பீரிஸ் வீட்டுக்கு எத்தனை பிள்ளை என்பதில் அதைவிடப் பெரிய சண்டை. றோபேட் வேலியை ஓர் அடி தள்ளிக் கீறியதாக மைத்துனர் குற்றம் சாட்டினார். ஒரு மணி நேரத்தில் ஒழுங்கை நிறைந்தது.

எமிலியானா தலையைச் சரித்துப் பார்த்தார். "கடைசி வீடு எங்கை மச்சாள்?"

"எந்தக் கடைசி வீடு?"

"பனைக்குக் கீழை. உங்கட உடுப்பெல்லாம் வெளுத்துத் தந்த வீடு. அவைக்குப் பேர் இல்லையோ?"

மேசையைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் இரண்டு தலைமுறை அந்த வீட்டு வாசலால் போய் வந்தவர்கள். கூப்பிட்ட பெயர் தெரியும். அது பெயர் இல்லை, தொழில். செத்தவர் எல்லோரையும் நித்திரையில் சொல்லும் ஆத்துமாக்காவுக்கு அந்த வீட்டில் ஒருவர் பெயரும் வரவில்லை. கில்ட்ரோமின் பிரபுகூட எல்லோரையும் எழுதியிருந்தான். அகஸ்ரீனாவின் காது மடல் சிவந்தது. அந்த இடத்திலேயே போனை எடுத்து வைபரில் ஊருக்கு அழைத்தார். இவரைக் கேட்டு, அவரைக் கேட்டு, நாலாவது அழைப்பில் பெயர்கள் வந்தன. எழுந்து நின்றே எழுதினார்: தந்தை, தாய், மூன்று பெண்பிள்ளைகள், ஒரு மகன். வயது தெரிந்தவரை.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்களும் ஒரு தாளை எடுங்கள். விட்டு வந்த ஒழுங்கையையோ, இப்போது இருக்கும் தெருவையோ கீறுங்கள். வீட்டுக்கு வீடு பெயர் எழுதுங்கள். பெண்களையும் பிள்ளைகளையும் விடாதீர்கள். எந்த வீட்டுக்குப் பெயர் தெரியாமல் பேனா நிற்கிறதோ அந்த வீட்டுக்காகப் போனை எடுங்கள். தெரிந்தவர் கிடைக்கும்வரை அழையுங்கள். எழுதி முடித்ததும் பிரதி எடுத்து வேறு ஊரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள்.